ஜெனோவா மட்டும் வேண்டாம்

"எங்க வேணுமெண்டாலும் போவம். ஜெனோவா மட்டும் வேண்டாம்" என்றார் குலேந்திரன்.

சுவிஸின் டாவோஸில் ஜூலை மழை ஜன்னலில் வழிந்துகொண்டிருந்தது. ஹோட்டல் சமையலறையில் இத்தனை வருடம் வெந்தவருக்கு, முதல் தடவையாகக் கோடையில் லீவு கிடைத்திருந்தது. அதைக் கொண்டாடுகிற முகம் அவரிடம் இல்லை. இத்தாலி வரைபடத்தை மேசையில் விரித்துவிட்டு, பிரேதப் பரிசோதனை செய்பவர் போலக் குனிந்திருந்தார்.

"ஃபோனில பாக்கலாம்தானே அப்பா?" என்றாள் மகள் லக்சாயினி.

"கடல் எண்டு போட்டால் அது ஜெனோவாவைத்தான் காட்டுது."

ஜெனோவாவில் அவருடைய ஒரே அண்ணன் விஜிதரன் இருந்தார். எட்டு வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்தில் அப்பா இறந்தபோது, அண்ணை போவார் என்று இவர் இருந்துவிட்டார். தம்பி போவான் என்று அவர் இருந்துவிட்டார். கொள்ளி வைத்தது பக்கத்து வீட்டுக்காரர். பிறகு தொலைபேசியில் ஆளையாள் திட்டித் தீர்த்ததோடு பேச்சு நின்றது.

லக்சாயினி அடுத்த மாதம் படிக்க சூரிச் போகிறாள். குடும்பமாகப் போகும் கடைசிப் பயணம் இதுவாகவும் இருக்கலாம். அவள் கேட்டது கடல் மட்டும்தான்.

"அப்ப ரிமினி போவம்" என்றார் குலேந்திரன்.

"ஐயோ, அங்க மணலே தெரியாதாம். சனம்தான் தெரியுமாம்" என்றாள் மனைவி பிரபாலினி.

"வெனிஸ்?"

"எங்கட திரிம்பாக் கோயிலுக்கு வாற சனத்தில பாதி இப்ப அங்கதான் நிக்குது. பாலத்துக்குப் பாலம் மறிச்சு, 'ஜெனோவாவில கொண்ணர் சுகமோ?' எண்டு கேப்பினம். பதில் சொல்லுவியளோ?"

குலேந்திரன் வெனிஸைக் கைவிட்டார். புளோரன்ஸ் வெக்கையில் பிரபாலினிக்குத் தலையிடி வருமாம். கோமோ ஏரியும் மலையும். அதற்கு ஜன்னலைத் திறந்தால் போதுமாம். காதலர் நகரமான வெரோனா, கலியாணம் கட்டாத ஆக்கள் போகிற ஊராம்.

"பீசா?" என்றாள் லக்சாயினி, கடைசி நம்பிக்கையோடு.

"ஜெனோவாப் பக்கம்" என்றார் குலேந்திரன்.

அவள் எழுந்து போய் அறைக் கதவை அடித்துச் சாத்தினாள். யாரையும் சந்தோசப்படுத்தத் தெரியாத மனிதன் தான் என்று குலேந்திரனுக்குத் தோன்றியது.

பிரபாலினி தேத்தண்ணிக் கோப்பையை வரைபடத்தின் மேல் வைத்தாள். கோப்பைக்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்த பெயரை அவர் வாசித்தார்.

"கிரெமோனா. எங்கட ஆக்கள் ஒருத்தரும் எட்டியும் பாக்காத ஊர் போல கிடக்கு."

"நீங்கள் சொன்னால் சரி" என்றாள் பிரபாலினி. கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் அவர் அந்த வசனத்தைக் கேட்டதில்லை.

"அங்க என்ன இருக்கு?" அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வயலின் செய்யிறவையாம்."

"எங்கட வீட்டில ஆர் வயலின் வாசிக்கிறது?"

குலேந்திரன் வரைபடத்தை மடித்தார்.

பயணம் ஒரு செத்தவீட்டு ஊர்வலம் போல நடந்தது. சான் பெர்னார்டினோ சுரங்கத்துக்கு முன்னால் வாகனங்கள் அசையாமல் நின்றன. மிலானோ தாண்டியதும் காரின் ஏசி நின்றது. லக்சாயினி காதில் மாட்டியதைக் கழற்றவே இல்லை. கிரெமோனாவுக்குள் நுழைந்தபோது மத்தியானம். கடைகள் பூட்டிக் கிடந்தன. பெரிய சதுக்கத்தில் இரண்டு புறாக்கள் நின்றன, அவையும் பறக்க அலுத்துப்போய்.

திறந்திருந்தது ஒரேயொரு கோப்பிக் கடை. வெளியே, முதுகைக் காட்டியபடி ஒரு மனிதர் இருந்தார். அந்தப் பின்மண்டை வழுக்கையைக் கண்டதும் குலேந்திரனின் கால் நின்றுவிட்டது. சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் பின்னால் இருந்து பார்த்த அதே வழுக்கை.

மனிதர் திரும்பினார். விஜிதரன்.

"நீயோ?"

"அண்ணை... நீங்கள் எப்பிடி இஞ்ச?"

"நீங்கள் ஜெனோவாவுக்கு வாறியளாம் எண்டு உன்ர அண்ணி சொன்னாள். அதுதான்... வீட்டில நிக்காமல் வெளிக்கிட்டிட்டம்."

இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். விஜிதரன் மெலிந்திருந்தார். பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டார்.

"வெய்யிலுக்க நிக்காதை. இரு."

குலேந்திரன் இருந்தார். "அப்பான்ர..." என்று தொடங்கினார். அண்ணன் தண்ணீர்ப் போத்தலை அவர் பக்கம் தள்ளினார்.

அப்போது கடைக்குள்ளிருந்து வந்த அண்ணி இராஜேஸ்வரி, பிரபாலினியைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"நாங்கள் விரிச்ச வலையில உங்கட ஆள் கெதியா விழுந்திட்டார் பிரபா, இவரை இஞ்ச கொண்டுவர நான் முழு இத்தாலியையும் வேண்டாம் எண்டு சொல்ல வேண்டி வந்தது!"