பூ எண் பதினேழு

மலைமேல் கோடைவிழா நெருங்கினால் பூக்களுக்கு முன்னால் அறிவிப்புகள் மலர்ந்துவிடும். அந்த ஆண்டு மலர்ந்தது இது: சிறந்த வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவரின் வாசலுக்கு, முன்னுரிமை அடிப்படையில், குடிநீர்க் குழாய் இணைப்பு.

மஞ்சக்குட்டை மரியபுஷ்பத்துக்கு முன்னுரிமை என்றால் என்னவென்று தெரியாது. குழாய் என்றால் தெரியும். பொழுதெல்லாம் காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்துவிட்டு, பள்ளத்து ஊற்றிலிருந்து குடத்தைச் சுமந்து மேடேறுகிறவள் அவள். முழங்கால் இரண்டும் எப்போதோ கைவிரித்துவிட்டன. உடனே விண்ணப்பம் போட்டாள்.

அவளிடம் இருந்தது டே லில்லி என்ற பூச்செடி. எஸ்டேட் பங்களாவில் தூர் பிரித்தபோது கேட்டு வாங்கி வந்தது. ஆரஞ்சு முந்திப் பூக்கும், மஞ்சள் பிந்திப் பூக்கும் என்று பார்த்து, இரண்டையும் கலந்து நட்டிருந்தாள். பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். காலையில் விரியும், சாயங்காலம் சுருளும். மறுநாள் பக்கத்து மொட்டு தவறாமல் வேலைக்கு வந்துவிடும். எந்த ஆபீசிலும் காண முடியாத ஒழுங்கு அது.

பூந்தோட்ட ஊக்குவிப்பு அலுவலர் சத்யராஜ் ஜீப்பில் வந்து இறங்கினார். பூக்களை எண்ணினார். இருபத்து மூன்று. ஒவ்வொரு பூவின் காம்பிலும் எண் அட்டை கட்டிப் படம் பிடித்தார்.

"நாலு நாள் கழிச்சு இறுதி ஆய்வும்மா. அதுவரைக்கும் எதுவும் மாறக் கூடாது."

"ஏனுங்க சார், இந்தப் பூவு இன்னிக்கு மட்டுந்தானுங்க. நாளைக்கு வேற பூவு வருமுங்க."

"மாத்தக் கூடாதுன்னு சொல்றேன்ல?"

"நான் மாத்தலீங்க. அதுவா மாறுமுங்க."

"அப்ப அதுகிட்டயும் சொல்லி வைங்க."

நாலாம் நாள் வாசலில் முப்பத்தொரு பூக்கள் ஜொலித்தன. ஒன்றில்கூட அட்டை இல்லை. சத்யராஜின் முகம் கறுத்தது.

"பதினேழாம் நம்பர் பூ எங்க?"

"வாடிப்போச்சுங்க."

"அப்ப அதே செடியில இருக்கிற இது?"

"அதுக்கு அடுத்ததுங்க."

"அதாவது ஆள்மாறாட்டம்."

மறுவாரம் கடிதம் வந்தது. பதிவு பெற்ற மலர்கள் இருபத்து மூன்றும் முன் அனுமதியின்றி வாடியுள்ளன என்றும், பதிவு பெறாத மலர்கள் முப்பத்தொன்று அவ்விடத்தில் அத்துமீறிப் பூத்துள்ளன என்றும், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்றும் அதில் இருந்தது. மரியபுஷ்பத்துக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

பரிசு கரடியூர் பக்கத்து ரிசார்ட் ஒன்றுக்குப் போனது. அங்கே எல்லாம் பிளாஸ்டிக் பூ. பதிவேட்டுக்கும் தோட்டத்துக்கும் இம்மியளவும் வேறுபாடு இல்லை என்று ஆய்வறிக்கை மெச்சியது. ஏற்கெனவே நாலு குழாய் வைத்திருந்த ரிசார்ட், ஐந்தாவதைப் பூவின் தூசி கழுவ வைத்துக்கொண்டது.

அடுத்த ஆண்டு மரியபுஷ்பம் சேலத்துக்கு பஸ் ஏறி இருபத்து மூன்று பிளாஸ்டிக் பூ வாங்கி வந்தாள். லில்லித் தூர்களைத் தன் கையாலேயே பிடுங்கி ஊற்றோரம் வீசினாள். அந்த இடத்தில் பிளாஸ்டிக்கை நட்டாள்.

சத்யராஜ் அட்டைகளைச் சரிபார்த்துப் பூரித்துப் போனார். "இப்பத்தாம்மா பொறுப்பா வளர்த்திருக்கீங்க."

குழாய் வந்தது. கூடவே நிபந்தனையும் வந்தது: பரிசு பெற்ற செடிகளுக்கு நாள்தோறும் இருவேளை நீர் ஊற்ற வேண்டும், திடீர் ஆய்வில் மண் காய்ந்திருந்தால் இணைப்பு துண்டிக்கப்படும்.

குழாயைப் பார்த்ததும், அவளிடம் தூர் வாங்கி லில்லி வளர்த்த தெருவே அதைப் பிடுங்கி ஊற்றோரம் வீசிவிட்டு பிளாஸ்டிக் நட்டது. கேட்ட அத்தனை பேருக்கும் அதே நிபந்தனையோடு குழாய் கிடைத்தது.

இப்போது காலையும் மாலையும் ஊற்றில் கூட்டம். யாரும் நடாத டே லில்லி அங்கே கரை நெடுக, எண் ஏதுமின்றி, பூத்துக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு அருக்காணி நேற்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க்கா, இடுப்பு நொம்ப வலிக்குதுங்க. ஒரு நாள் ஊத்தாம உட்டா அந்தப் பிளாஸ்டிக் பூவு வாடியா போயிரும்?"

"பூவு வாடாது கண்ணு. கொழாயைப் புடுங்கிட்டுப் போயிருவாங்க."

அருக்காணி பதறிப்போய் வேகமாக மேடேறினாள். மரியபுஷ்பமும் பின்னாலேயே ஏறினாள். தெருவில் எந்தக் குழாயிலும் தண்ணீர் வந்து மூன்று மாதம் ஆகிறது.