அசையாதண்ணே சலூனில் லூர்துவின் எபிசோடு

திண்டுக்கல் ஊரில் சிரிப்புக்கு ஜென்ம விரோதி யார் என்று கேட்டால், யோசிக்காமல் நாகல் நகர் பக்கம் கையைக் காட்டுவேன். அங்கே இரண்டு நாற்காலி போட்டு சலூன் நடத்தும் அசையாதண்ணேதான் அவர். போலீஸ் ஸ்டேஷனுக்குள் சிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், இழவு வீட்டில் சிரித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர் கத்தி வைத்திருக்கும்போது சிரித்துவிட்டுத் திட்டு வாங்காமல் வீடு போய்ச் சேர்ந்தவரை மட்டும் பார்த்ததே இல்லை.

பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். ஊருக்கு அவர் அசையாதண்ணே. நாற்காலியில் உட்காருகிறவர் மீசை முளைக்காத பயலாக இருந்தாலும் பேரன் எடுத்தவராக இருந்தாலும் அவருக்கு அண்ணேதான். துண்டைப் போர்த்தி, நுரையைத் தடவி, கத்தியைத் தாடையில் வைத்ததும் "அசையாதண்ணே" என்பார். ஒருமுறை பங்குச்சாமியார் வந்து உட்கார்ந்தார். அவரையும் "அசையாதண்ணே" என்றார். சாமியார் அசையவில்லை. அன்று மாலை சர்ச் பூசையில் பிரசங்கத்தின்போதுகூட அவர் கழுத்தைத் திருப்பவில்லை என்று ஒரு பேச்சு உண்டு.

இந்த மனிதருக்கும் எங்களுக்கும் என்ன வம்பு என்றால், உள்ளூர் கேபிளில் ஞாயிறு பதினோரு மணிக்கு வரும் 'வம்புக்கூடை' நிகழ்ச்சிதான். குட்டிக் குட்டி நகைச்சுவை நாடகங்கள். செல்வம் என்பவர் கேபிள் உரிமையாளர், தயாரிப்பாளர், கேமராமேன், ஆள் வராத நாளில் நடிகர். நான் வாரநாட்களில் பள்ளிக்கூட வாத்தியார், மிச்ச நேரத்தில் வம்புக்கூடைக்கு எழுதுகிறவன். ஞாயிறு பதினோரு மணிதான் சலூனுக்கும் கூட்ட நேரம். டிவி ஓடாவிட்டால் கூட்டம் எதிர்க் கடைக்குப் போய்விடும். ஓடினால் சிரிப்பார்கள். கத்தி தொண்டையில் இருக்கும்போது மனிதன் சிரித்தால் என்ன ஆகும் என்பதுதான் அண்ணனின் வாழ்நாள் கவலை.

"கழுத்தை நம்பிக் குடுத்துட்டுக் கண்ணை மூடிருக்கான்யா. அவனப் போயி சிரிக்க வைக்கிறியே, நீயெல்லாம் மனுசனா?" என்று என்னை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டிருக்கிறார்.

கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். ஏனென்றால் அவர் திட்டினால் நாடகம் பாஸ் என்று அர்த்தம். வாடிக்கையாளரின் தொண்டை ஆடியிருக்கிறது, அண்ணன் கத்தியை எடுக்க வேண்டியிருந்திருக்கிறது. மாறாக, "இந்த வாரம் நிம்மதியா வேல பாத்தேன்" என்று கும்பிட்டால் போச்சு. செல்வம் அந்த நாடகத்தை மறு ஒளிபரப்பே செய்யமாட்டார். ஒரு விமர்சகரை நாங்கள் சம்பளமில்லாமல் வைத்திருந்தோம், அவருக்கே தெரியாமல்.

ஒரு ஞாயிறு, நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போது செல்வத்துக்கு போன் வந்தது. "நான் அசையாதண்ணே பேசுறேன். மீசையில வேல பாத்துக்கிட்டு இருக்கேன். அந்த மாமியார் சீன செத்த நேரம் கழிச்சுப் போடுங்க." செல்வம் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு கல்யாண மண்டப விளம்பரத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டார். ஊரே அந்த மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது, யாரோ ஒருவருக்கு மீசை ஒழுங்காக அமையும்வரை. மறுபடி போன் வந்தது. "ம், போடுங்க."

இத்தனை கெடுபிடியிலும் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அவன் லூர்து.

பக்கத்து எரியோடு ஊர்ப் பையன். ஆறடி உயரம், எலும்புக்கூடு, முகத்தில் எந்நேரமும் பஸ்ஸைத் தவறவிட்ட பாவம். அவன் ஒன்றும் செய்ய வேண்டாம், திரையில் வந்து நின்றாலே போதும். பாதிச் சவரத்தில் இருந்த ஆள் குலுங்குவார். முதல் மாதம் அண்ணன் தாளமுடியாமல் தவித்துப் போனார். பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். லூர்து வருகிறான் என்றால், வரும் முன்பே கத்தியை எடுத்துவிடுவார். எடுத்து, மடக்கி, கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார். லூர்து போனதும் மறுபடி நுரை, மறுபடி கத்தி. வேறு எந்த நடிகருக்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை. நான் எழுதி நானே நடித்தபோது அண்ணன் ஒரு ஆளுக்குச் சவரத்தை முடித்துவிட்டு அடுத்த ஆளுக்கும் நுரை தடவிவிட்டார்.

அப்பேர்ப்பட்ட லூர்து சென்னைக்குப் போய்விட்டான். பெரிய டிவி, பெரிய மேடை என்றார்கள். நாங்களும் பெருமையாகத்தான் வழியனுப்பினோம். ஆனால் அங்கே அவனுக்குக் கிடைத்ததெல்லாம் அறை வாங்கும் வேஷம். கதாநாயகனிடம் ஒரு அறை, கதாநாயகியிடம் ஒரு அறை, சமயத்தில் சும்மா போகிற ஆளிடமும் ஒரு அறை. வருஷக்கணக்கில் கன்னத்தால் பிழைத்தான். சலூனில் கத்தி ஞாயிறு தோறும் நிற்காமல் ஓடியது.

போன மாதம் செல்வத்துக்கு ஒரு யோசனை. பழைய ஆள் லூர்துவை அழைத்து ஒரு எபிசோடை அவனே தொகுத்து வழங்கட்டும் என்றார். வந்தான். வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டுப் போவதற்குள் படப்பிடிப்பு முடிந்துவிட்டது; டீ குடிக்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லாதீங்க. ஒட்டன்சத்திரத்துல மச்சான் வண்டி ஷோரூம் வச்சிருக்காரு. வந்து நில்லுங்கிறாரு. எனக்குச் சிரிப்புக் காட்டுறது மறந்துபோச்சோன்னு பயமா இருக்குண்ணே. ஞாயித்துக்கிழம நீங்க போயி அண்ணன் சேர்ல உக்காருங்க. என்னயப் பாத்து அவரு கத்திய எடுத்தாருன்னா சென்னைக்குத் திரும்பிப் போறேன். எடுக்கலன்னா ஷோரூம்."

"ஏன்டா, ஊர்ல இத்தன பேரு கைதட்ட மாட்டாங்களா?"

"அவங்க பழைய லூர்துக்குக் கைதட்டுவாங்கண்ணே. இவருதான் பொய் சொல்லத் தெரியாத ஆளு."

ஒரு ஆளுடைய பிழைப்பு என் தாடையில் வந்து நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கே போய் இடம் பிடித்தேன். லூர்து உள்ளே வர தைரியமில்லாமல் எதிரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். சலூனில் டிவி தெரிவதுபோல நாற்காலி திரும்பியிருக்கும். அண்ணனின் முகம் பக்கத்துக் கண்ணாடியில் தெரியும். எனக்கு வசதியான இடம்.

பதினோரு மணி. பாட்டு முடிந்தது. "இன்று உங்களோடு, நம்ம லூர்து" என்று எழுத்து வந்தது.

அண்ணன் கத்தியை எடுத்துவிட்டார். இத்தனை வருஷம் கழித்தும் கைக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. எடுத்து, மடக்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. அடேயப்பா, கேஸ் முடிந்தது, பையன் சென்னைக்குப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

லூர்து மேடையில் பேச ஆரம்பித்தான். அட கடவுளே, அந்த முன்னுரையை என்னவென்று சொல்ல! சென்னையில் டிராபிக், சென்னையில் வீட்டு ஓனர், சென்னையில் தண்ணி லாரி. கோட்டு வேறு போட்டிருந்தான். அரங்கத்தில் இருந்தவர்கள் சொந்தக்காரப் பிள்ளை மேடை ஏறியதைப் பார்ப்பதுபோல மரியாதையாகக் கைதட்டினார்கள். சலூனில் பெஞ்சில் காத்திருந்த நாலு பேரும் பேப்பர் படிக்க ஆரம்பித்தார்கள். கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தேன். கட்டிய கையை மெதுவாகப் பிரித்தார். கத்தியை விரித்தார். திரும்பி வந்து என் கன்னத்தில் வைத்தார்.

"அசையாதண்ணே" என்றார். குரலில் ஒரு வருத்தம் இருந்தது.

முதல் நாடகம் நிலக்கோட்டை பூ பஸ். மல்லிகைக் கூடைகளுக்கு இடம் கொடுக்கப் பயணிகளை இறக்கிவிடும் கண்டக்டர், லூர்துவின் பழைய வேஷம். பழைய வசனம், பழைய விசில். மனிதன்தான் புதுசாக இருந்தான். அறை வாங்கி வாங்கி, யாராவது கையை ஓங்கினால் முன்கூட்டியே கன்னத்தைக் காட்டும் பழக்கம் வந்துவிட்டிருந்தது. இடது கிருதா சுத்தமாக முடிந்தது. இரண்டாவது நாடகம் பெண் பார்க்கும் படலம். எழுதியது அடியேன்தான், அதைப் பற்றி மேலும் பேச விரும்பவில்லை. வலது கன்னமும் வழவழவென்று முடிந்தது. கத்தி ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் லூர்து எழுந்து நின்று எட்டிப் பார்ப்பது தெரிந்தது. என்னால் தலையைக்கூட ஆட்ட முடியாது. மனசுக்குள் ஷோரூம் வாசலில் சாவிக்கொத்தோடு அவன் நிற்பதைப் பார்த்துவிட்டேன்.

கத்தி தாடைக்குக் கீழே வந்தபோது மூன்றாவது நாடகம் தொடங்கியது. திரையில் இரண்டு நாற்காலி போட்ட ஒரு சலூன். வெள்ளைச் சட்டையில் லூர்து நின்றான். கையைத் திருப்புகிற விதம், துண்டை உதறுகிற விதம், மூக்கால் விடுகிற மூச்சு, எல்லாம் அண்ணனேதான். பெஞ்சில் பேப்பர்கள் கீழே இறங்கின. இதை நான் எழுதவில்லை, அவனே எழுதியிருக்கிறான். எங்கள் ஆட்கள் யாரும் இத்தனை வருஷத்தில் அவரை நாடகத்தில் தொட்டதில்லை. அந்தக் காரியத்தை இவன் செய்கிறான், அவர் கத்தி என் தொண்டையில் இருக்கிறது!

திரையில் லூர்து வாடிக்கையாளரிடம் "அசையாதண்ணே" என்றான். அவர் அசையவில்லை. மேலே ஃபேன் ஆடியது. "அசையாதண்ணே." கரண்ட் போய் ஃபேன் நின்றது. வாசலில் பஸ் போய்க் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே போய் பஸ்ஸிடம், "அசையாதண்ணே." பஸ் நின்றது. பின்னால் லாரி நின்றது, டிராபிக் போலீஸ் தூக்கிய கையோடு நின்றார், மாடு நின்றது, டீக்கடையில் ஆற்றிய டீ அந்தரத்தில் நின்றது. ஊரே சிலையாகிவிட்டது. லூர்து நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டு வாடிக்கையாளருக்குச் சவரத்தை முடித்தான். முடிந்தபிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. தோளைத் தட்டினான். ஊஹூம். பஸ்ஸுக்குப் போய்ப் பார்த்தான், மாட்டைத் தள்ளிப் பார்த்தான். போலீஸ்காரர் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டினான். யாரும் அசையவில்லை. திரும்பி வந்து, தன் நாற்காலியில் தானே உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்துக் கையைக் கூப்பினான்.

"யாராச்சும் செத்த அசைங்கண்ணே."

என் கழுத்துக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் ஏறாத பம்ப்செட்டை ஓடவிட்டதுபோல ஒரு சத்தம். அது என்ன என்று புரிவதற்குள் தாடையில் சுரீர் என்றது.

அசைந்தது நான் இல்லை. சத்தியமாக இல்லை, பயத்தில் மூச்சுகூட விடவில்லை. அண்ணனின் கைதான் அசைந்தது. கண்ணாடியில் பார்த்தேன். தோள் இரண்டும் குலுங்க, கண்ணில் நீர் முட்ட, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒருத்தர் தோலில் ஒரு கீறல் போட்டதில்லை என்பது அவருடைய பெருமை. சிரிப்பு அடங்கியதும் என் தாடையைப் பார்த்தார். படிகாரத்தை எடுத்து அழுத்தினார், பஞ்சை ஒட்டினார், துண்டை எடுத்துவிட்டார்.

தெருவைத் தாண்டிப் போனேன். லூர்துவின் முகம் வெளுத்திருந்தது.

"என்னண்ணே சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"கத்திய எடுத்தாரா?"

"மொதல்ல எடுத்தாரு. அப்புறம் திரும்ப வச்சுட்டாரு. மூணாவதுக்கு எடுக்கவே இல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சரிண்ணே. மச்சானுக்குப் போனப் போட்டுர்றேன்."

"ஏலே மடையா, இங்க பாரு" என்று பஞ்சைப் பிய்த்துக் காட்டினேன்.

கிட்டே வந்து பார்த்தான். "நீங்க அசைஞ்சீங்களா?"

"இல்லடா. அவரு அசைஞ்சாரு."

அவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அப்போது சலூன் வாசலில் இருந்து ஒரு அதட்டல்.

"ஏலே லூர்து! சென்னைக்குப் போறவன் இம்புட்டுத் தாடியோடயா போவ? வந்து உக்காருலே!"

போய் உட்கார்ந்தான். நானும் பின்னாலேயே போனேன். காத்திருந்த நாலு பேரில் ஒருவர்கூட "எங்க முறை" என்று கேட்கவில்லை. அண்ணன் துண்டைப் போர்த்தி, நுரையைத் தடவி, கத்தியை விரித்தார். அதற்குள் லூர்துவுக்குத் தாங்கவில்லை. வருஷக்கணக்கில் வாங்கிய அறையெல்லாம் மொத்தமாக வந்ததோ என்னவோ, துண்டுக்குள் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்துவிட்டான். ஆறடி உடம்பும் நாற்காலியோடு சேர்ந்து ஆடியது.

வழக்கமான வார்த்தை வரப்போகிறது என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அண்ணன் கத்தியை மடக்கிக் கீழே வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார். இந்தத் தடவை சுவரைப் பார்த்து நிற்கவில்லை, அவனைப் பார்த்து நின்றார்.

"அசைஞ்சுக்கண்ணே" என்றார். "நான் நிக்கிறேன்."