தேசிய அணித் தேர்வும் இரண்டு எவர்சில்வர் டப்பாக்களும்

புது மாப்பிள்ளையிடம் எந்த வேலையையும் ஒப்படைக்கக் கூடாது. ஒப்படைத்தால் செய்துவிடுவான். இந்த உண்மையை என் மாமனார் வீடு என்னை வைத்துத்தான் தெரிந்துகொண்டது.

என் மச்சினி தாரணி ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி ஓடுகிற வீட்டில், தறிக்குப் பக்கத்திலேயே தலைகீழாக நின்று வளர்ந்தவள். ஆசியப் போட்டிக்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்க வடக்கே ஒரு பெரிய ஊரில் தேர்வு வைத்திருந்தார்கள். துணைக்கு வீட்டிலிருந்து ஒருவர் போக வேண்டும். மாமனாரின் தறியில் யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. என் மனைவி வாயும் வயிறுமாக இருந்ததால் மாமியாராலும் நகர முடியாது. மிச்சம் இருந்தது, செவிலிமேட்டில் தினமும் கம்பெனி பஸ் ஏறுகிற நான்தான். எனக்கு இந்தி தெரியும் என்று பெண் பார்க்கப் போன அன்று அடித்துவிட்டிருந்தேன். (ஒரு பேச்சுக்குச் சொன்னது. இப்படி வந்து விடியும் என்று யார் கண்டது?)

ரயிலில் தாரணி எனக்குப் பாடம் எடுத்தாள்.

"மொத்த மார்க்க மட்டும் பார்த்து டீம் எடுக்க மாட்டாங்க மாமா. ஒருத்தி பீம்ல கெட்டியா இருப்பா, ஒருத்தி ஃப்ளோர்ல. எல்லாத்துக்கும் ஆள் வேணும். நான் பார்ஸ்ல, அதான் கம்பியில, நல்லா பண்ணா உள்ள போயிடுவேன். அது போச்சுன்னா அவ்ளோதான்."

"அப்ப ஃபர்ஸ்ட் வர்றவ?"

"அவளும் இருப்பா."

"ஏழாவதா வர்றவ?"

"அவளும் இருக்கலாம்."

புரிந்த மாதிரி தலையாட்டினேன். (கல்யாணமான நாளிலிருந்து நன்றாகப் பழகிவிட்ட வேலை.)

தேர்வு அன்று காலை லாட்ஜில் அவள் குளிக்கப் போனாள். பையை அடுக்குவது என் பொறுப்பு. ஜிப் மூடுவேனா என்றது. உள்ளே ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டப்பாக்கள். ஒன்றைத் திறந்தேன். விபூதி, மாமியார் கச்சபேஸ்வரர் கோயிலில் அர்ச்சனை செய்து கொடுத்தனுப்பியது. இன்னொன்றைத் திறந்தேன். அதிலும் விபூதி, இன்னும் நைசாக, இன்னும் வெள்ளையாக. சைவக் குடும்பம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக ஒரு பெண்ணுக்கு இரண்டு டப்பாவா? விபூதியைக் கீழே கொட்டக் கூடாது, கால்படக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். ஆகவே வெள்ளை விபூதியை நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, கோயில் விபூதியை முழுவதுமாக அதிலேயே கொட்டி, ஸ்பூனால் கிளறி, ஒன்றாக்கினேன். ஜிப் சமர்த்தாக மூடிக்கொண்டது. அந்த நிமிடத்தில் என்னைவிடப் பொறுப்பான மாப்பிள்ளை ஐயம்பேட்டை வரைக்கும் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டான்.

அரங்கில் எனக்குக் கேலரியில் இடம். கீழே நான்கு மூலையிலும் ஒரே நேரத்தில் ஏதேதோ நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் அழகாகக் குட்டிக்கரணம் போட்டு நின்றாள். அவளுடைய கோச் தலையில் அடித்துக்கொண்டார். இன்னொருத்தி தடுமாறினாள், அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார்கள். போர்டில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. பக்கத்தில் இருந்தவர் இந்தியில் என்னவோ கேட்டார். "அச்சா" என்றேன். அவர் முகம் மாறி, எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். (என்ன கேட்டாரோ, இன்றுவரை தெரியாது.)

பார் கம்பிகளுக்கு அருகில் ஒரு பெரிய கிண்ணம் நிறைய வெள்ளைப் பொடி. ஒவ்வொரு பெண்ணும் அதில் கைவிட்டு எடுத்து, கண்ணை மூடி ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் கம்பியைத் தொட்டாள். வடக்கத்திப் பிள்ளைகளுக்கு விபூதியில் இவ்வளவு பக்தியா என்று எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

தாரணியின் முறை வந்தது. அவள் மட்டும் தன் டப்பாவைத் திறந்து எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்தாள். சட்டென்று கையை மூக்கருகே கொண்டுபோனாள். நிமிர்ந்து கேலரியைப் பார்த்தாள். நான் தைரியம் சொல்லும் விதமாகக் கும்பிட்டுக் காட்டினேன். அதற்குள் பச்சை விளக்கு எரிந்துவிட்டது. தாவிவிட்டாள்.

இரண்டு சுற்று சுற்றினாள். மூன்றாவதில் கம்பியிலிருந்து கை நழுவி, மெத்தையில் மல்லாக்க வந்து விழுந்தாள். அதுவும் ஒரு அயிட்டம் என்று நினைத்து நான் பலமாகக் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

அவளுக்கு அடி எதுவும் இல்லை. எழுந்து, கையைத் துடைத்து, பொதுக் கிண்ணத்தில் பொடி எடுத்துப் பூசி மிச்சத்தை முடித்தாள். ஆனால் மார்க் போனது போனதுதான். தாரணியின் கோச் மேடம் டப்பாவோடு மேலே ஏறி வந்தார். சென்னைக்காரர், பொறுமைசாலி என்று பெயரெடுத்தவர். டப்பாவைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார்.

"இதுல என்ன சார் கலந்தீங்க?"

"விபூதி மேடம்."

"எதுல?"

"விபூதியில."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "சார், இது சாக் பவுடர். கை வேர்த்து வழுக்காம இருக்கப் பூசறது. தாரணிக்கு ரொம்ப வேர்க்குதுன்னு தனியா வரவழைச்சது."

அன்று மாலை பட்டியல் வாசித்தார்கள். தாரணியின் பெயர் கடைசியில், மாற்று ஆளாக வந்தது. யாருக்காவது அடிபட்டால்தான் இறங்க முடியும். யாருக்கும் அடிபடவில்லை, ஆசியப் போட்டி முடியும்வரை டிராக் சூட்டோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

தேர்விலிருந்து திரும்பும்போது ரயிலில் மேல் பெர்த்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினால் கை மட்டும் வந்து வாங்கிக்கொண்டது. அத்தனை வருட உழைப்பை ஒரு ஸ்பூனால் கிளறிவிட்டிருந்தேன்.

வீட்டில் மாமியார், "சாமி விபூதி எப்டிமா வழுக்கும்? கம்பிதான் சரியா இருந்திருக்காது" என்று விபூதிக்காக வாதாடினார். எனக்காக வாதாட ஆளில்லை. மாமனார் மரியாதை குறையாமல், "மாப்ளே, இனிமே நீங்க எதையும் தொடாதீங்க" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் கையிலிருந்து தம்ளர் நழுவினாலும் சமையலறையிலிருந்து குரல் வரும்: "மாப்ள தொட்டாரா?" அந்த வருடம் பிறந்த என் மகள்கூட இப்போது கேட்கிறாள்.

இந்த வருடம் மறுபடியும் அணித் தேர்வு வந்தது. மாமனார் தறியை நிறுத்திவிட்டுத் தானே கிளம்பினார். தாரணி தடுத்தாள்.

"மாமாவே வரட்டும்பா. ஆனா கையக் கட்டிக்கினு உக்காரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

போனேன். நாள் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (சாப்பாட்டுக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டேன்.) இந்த முறையும் யாருக்கு ஏன் மார்க் விழுகிறது என்று ஒன்றும் புரியவில்லை. அவள் கம்பியை விட்டுப் பறந்து, இரண்டு காலில் அசையாமல் இறங்கி நின்றது மட்டும் புரிந்தது. மாலையில் பட்டியல் வாசித்தார்கள். தாரணியின் பெயர் இரண்டாவதாகவே வந்துவிட்டது. அரங்கமே கைதட்டியது. நான் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்து சட்டையில் சொட்டியது.

அவள் ஓடி வந்து கேலரிக்குக் கீழே நின்றாள்.

"மாமா, போதும். இப்ப கைய எடுங்க."

எடுத்தேன். முதலில் கண்ணைத்தான் துடைக்க வேண்டியிருந்தது.

"நான் செலக்ட் ஆனதுக்கு ஒன்னும் அவரு அழல, கை மரத்துப்போச்சுன்னு அழுதாரு" என்று ஊருக்கு வந்ததும் அவள் கதை கட்டிவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் ஆமாம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.