வேலி வழக்கை விட்டுக்கொடுத்த பஞ்சாபியர்

புத்தூரில் நான் கண்ட மனிதர்களுக்குள் ஊரையே வாயடைக்க வைக்கும் வல்லமை பஞ்சாபியர் ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் கேட்டவர்கள் திறந்த வாயை மூட அரை மணித்தியாலம் பிடிக்கும்.

பஞ்சாபுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. புத்தூரில் பிறந்து, மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்து, அறுபதுகளின் தொடக்கத்தில் பென்சனோடு திரும்பி வந்த சைவக்காரர். அங்கே அவருக்குப் பக்கத்துக் குவாட்டர்ஸில் ஒரு சீக்கியர் இருந்தாராம், ரயில் கார்ட். மற்ற மலாயாப் பென்சன்காரர்கள் சுவர்க்கடிகாரமும் பட்டுச் சாறமும் கொண்டுவந்து இறங்கினார்கள். இவர் கொண்டுவந்தது கையில் ஓர் இரும்பு வளையமும் அந்தக் கார்ட்டின் கடவுளும். அதனால் ஊர் வைத்த பேர்தான் பஞ்சாபியர்.

அவருடைய அடுத்த வளவு எங்களுடையது. அவருக்கும் என் ஐயாவுக்கும் ஏழு வருடமாக எல்லை வழக்கு. ஒரு முழ அகலத் துண்டு நிலம், அதிலே ஒரு முருங்கை. அவர் மலாயாவில் இருந்தபோதே தொடங்கிய வழக்கு அது. அதனால் பஞ்சாபியரின் வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு சொல்லையும் எங்கள் வீட்டில் சாட்சியம் போலவே ஆராய்வோம். நான் அப்போது உடுவில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கிய புதிது.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் தீபாராதனை நடக்கிறது. எல்லாரும் எட்டி எட்டிப் பார்க்கிறோம். பஞ்சாபியர் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார்.

குருக்களுக்குப் பொறுக்கவில்லை. "கண்ணைத் திறந்து அம்பாளைப் பாருங்கோவன்."

"கண்ணாலை பாக்கிற அளவிலையே ஐயா கடவுள் இருக்கிறார்? அவருக்கு உருவமில்லை. பிறப்புமில்லை, இறப்புமில்லை. ஆணுமில்லை, பொம்பிளையுமில்லை. ஒரே ஒருத்தர். உங்களுக்குள்ளையும் அவர்தான், எனக்குள்ளையும் அவர்தான்."

குருக்களின் கையில் மணி அப்படியே நின்றுவிட்டது. அம்மா என் காதுக்குள் கேட்டாள்: "ஆணுமில்லை பொம்பிளையுமில்லையெண்டால் அங்கை ஆர் சமைக்கிறது?"

குருக்கள் ஒருவாறு சுதாரித்துக்கொண்டு அர்ச்சனைத் தட்டை வாங்கினார். "ஆற்றை பேருக்கு? என்ன நட்சத்திரம்?"

"எல்லாற்றை பேருக்கும்."

"எல்லாருமெண்டால்?"

"உலகத்திலை உள்ள எல்லாரும். கட்டாயம் பேர் வேணுமெண்டால் பக்கத்து வளவுத் தம்பியின்ரை பேரைச் சொல்லுங்கோ."

பக்கத்து வளவுத் தம்பி என்பது என் ஐயா. எதிராளி தன் பேரில் அர்ச்சனை செய்வித்த செய்தி கேட்டு அவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டார். "செய்வினை!" என்றார். அடுத்த நாளே ஆரையோ பிடித்துக் கையில் நூல் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு கிழமை முருங்கைக்காய்கூடச் சாப்பிடவில்லை.

இதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கியது வழக்குத் தவணை. அன்றைக்குத் தீர்ப்பு நெருங்கியிருந்தது. அவருடைய பத்திரங்கள் பலமானவை, ஐயா தோற்பது நிச்சயம் என்று எங்களுக்காக வாதாடிய பிரக்கிராசியாரே சொல்லியிருந்தார். அந்த நேரம் பஞ்சாபியர் எழும்பி, தன் சட்டத்தரணியைக் கையால் இருத்திவிட்டு, நீதிபதியைப் பார்த்துச் சொன்னார்:

"ஐயா, கடவுளுக்கு ஆரிலையும் பயமில்லை, ஆரோடையும் பகையுமில்லை. நான் விடிய எழும்பி அவரை நினைக்கிறன். பிறகு வழக்குக்கு வாறன். எனக்கே வெக்கமாக் கிடக்கு. துண்டைத் தம்பி எடுக்கட்டும்."

அவருடைய சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். யாழ்ப்பாணத்தில் ஒருவன் மதம் மாறலாம், ஊர் மாறலாம். வெல்லப்போகிற வேலி வழக்கை விடுவானா? ஐயா வழக்கில் வென்று, செத்தவீட்டுக்குப் போய் வந்தவர் போல வீட்டுக்கு வந்தார்.

"இதிலை ஏதோ சூழ்ச்சி கிடக்கு," என்றார். "பொறுத்துப் பாப்பம்."

அவரால் பொறுக்க முடியவில்லை. அடுத்த முறை வேலி அடைக்கும்போது, தனக்குக் கிடைத்த முழத்தோடு அவர் பக்கமாக இன்னும் ஒரு முழம் தள்ளி வேலிக் கதியால் நட்டார். பஞ்சாபியர் வந்து பார்த்தார். ஐயா மண்வெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உந்தக் கிடுகு இளகிக் கிடக்கு. கயிற்றை இஞ்சாலை விடு, நான் இழுத்துக் கட்டிறன்."

கட்டியும் கொடுத்தார். அம்மா குசினி வாசலிலேயே இருந்துவிட்டாள்.

நான்தான் வெட்கம் தாங்காமல் அவரிடம் போனேன். "ஏன் பேசாமல் இருக்கிறியள்? ஐயா செய்தது பிழையெல்லே?"

"பிழைதான் பிள்ளை. எனக்குக் கோவமும் வந்தது." கையிலிருந்த வளையத்தை உருட்டினார். "சப்பான்காரன் மலாயாவைப் பிடிச்சிருந்த காலத்திலை எங்கடை கார்ட்டை ஒருத்தன் அவங்களிட்டைக் காட்டிக் குடுத்தவன். அடிச்ச அடியிலை அவருக்கு ஒரு காது கேளாமல் போச்சு. பிறகு பஞ்சம். சீக்கியற்றை கோயிலிலை எல்லாருக்கும் சாப்பாடு. ஆரெண்டும் கேக்கமாட்டினம், ஒரே வரிசையா நிலத்திலை இருத்திப் போடுவினம். காட்டிக் குடுத்தவனும் வந்து இருந்தான். கார்ட் நேரை போய் அவனுக்குத்தான் முதல் பரிமாறினார். நான் கேட்டன், உனக்குக் கோவமில்லையோ எண்டு. 'எனக்கு இருக்கு. கடவுளுக்கு இல்லையே. இது அவற்றை சாப்பாடு' எண்டார்."

பஞ்சாபியர் புது வேலிப் பக்கம் கையைக் காட்டினார்.

"நிலமும் அவற்றைதானே, பிள்ளை? எண்டாலும் உன்ரை ஐயாவிலை எனக்குக் கோவம் கிடக்கு. அதை நான்தான் வைச்சிருக்கிறன். கடவுளின்ரை தலையிலை கட்டேல்லை."

வீட்டுக்கு வந்து ஐயாவிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் நாலு நாள் வளவுக்குள் அங்குமிங்கும் நடந்தார். ஐந்தாம் நாள் காலமை வேலியடியில் நின்று கத்தினார்:

"அண்ணை! ஒருக்கா எண்டாலும் என்னை ஏசுங்கோவன்!"

ஏழு வருடத்தில் அவர் வாயிலிருந்து 'அண்ணை' வந்தது அன்றுதான். அம்மாவின் கையிலிருந்த அகப்பை விழுந்தது.

அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: "ஏசலாம் தம்பி. முதல் தேத்தண்ணி குடிப்பம், வா."

ஐயா போனார். திரும்பி வந்து கதியால்களைப் பிடுங்கினார். பழைய எல்லைக்கும் அப்பால், எங்கள் பக்கமாக ஒரு முழம் தள்ளி நட்டார். பஞ்சாபியர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "இது உன்ரை நிலம், எனக்கு வேண்டாம்!" "இல்லை அண்ணை, உங்கடை!" "கொண்டுபோடா உன்ரை நிலத்தை!" ஊர் கூடிவிட்டது. முந்திய சண்டையை விட இது சத்தமாக இருந்தது. நிலத்தை வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு பேர் அடிபடுவதை எங்கள் ஊர் அதற்கு முன் கண்டதில்லை. கடைசியில் கிராம அதிகாரியான விதானையார் வந்து, வேலியை வழக்குக்கு முந்திய இடத்திலேயே போட வைத்து, நடுவில் ஆள் போய்வர ஒரு பொட்டு இடைவெளியும் விடச் சொன்னார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழை நாளில் பஞ்சாபியர் காலமானார். ஐயா தன் சொந்தத் தமையன் செத்தபோதும் கண் கலங்காதவர். அன்றைக்குச் சின்னப்பிள்ளை போல ஏங்கி ஏங்கி அழுதார். கரவெட்டியிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் திகைத்துப்போய்க் கேட்டார்: "உவரோடையெல்லே நீங்கள் வழக்காடினது?"

ஐயா சால்வையால் மூக்கைத் துடைத்தார். "நிலம் வேண்டாமெண்டு கத்தின அந்த ஒரு நாளைத் தவிர, என்னோடை ஒரு நாளும் கத்தாமல் இருக்க ஏலுமெண்டு காட்டின ஒரே மனிசன்."

தினமும் ஐயாவோடு கத்துகிற அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அவள் மறுக்கவில்லை.