நாலு மடிப்பு வடிதுணி

பதினெட்டு வருடம் ஒரே வேலையைச் செய்தவனுக்கு, உலகத்துக் கோளாறு எல்லாவற்றுக்கும் அந்த வேலையிலேயே மருந்து இருப்பதாகத் தோன்றும். நான் ருவான்வெல்லைப் பக்கம் ஒரு றப்பர் பெக்டரியில் பால் வடிக்கிறவன். (மாட்டுப் பால் இல்லை, மரத்துப் பால்.)

என் டீசல் வேனுக்கு லைசன்ஸ் முடிகிற நாள் வந்தது. புகைப் பரிசோதனையில் தேறினால்தான் புது லைசன்ஸ். மறுநாள் என் மனைவி மேரியின் தங்கைக்குக் கல்யாணம். மணப்பெண்ணை இந்த வேனில்தான் இரத்தினபுரிக் கோயிலுக்குக் கூட்டிப்போவதாக நானே முந்திக்கொண்டு வாக்குக் கொடுத்திருந்தேன்.

மெக்கானிக் நிஸாம் நானா முன்பே சொல்லியிருந்தார். "எயார் ஃபில்டர் தூசி புடிச்சிருக்கு, புதுசு போடுங்க. இஞ்சினுக்கு நல்ல காத்து வேணும்."

நல்ல காற்றுதானே? வடிப்பதில் எனக்கே பாடமா? பழைய ஃபில்டரை அப்படியே விட்டுவிட்டு, காற்று உள்ளே போகும் குழாய் வாயில் பால் வடிக்கும் துணியை நாலு மடிப்பாகக் கட்டினேன். பரிசோதனைக்குப் போகும் வழியில் வேன் ஏற்றமெல்லாம் முக்கி முனகியது.

"என்னங்க, இப்புடி இழுக்குது?" என்றாள் மேரி.

"சுத்தமான காத்து இன்னும் பழகல" என்றேன்.

கேகாலையில், காலைப் பூசைக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு நின்றவளை வேனுக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னேன். "பாத்துக்கிட்டே இரு, ஒரு பொட்டுப் புகை வராது!"

பரிசோதிக்கிற பையன் புகைக்குழாயில் கம்பியைச் செருகி, எக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தான். அடுப்பங்கரைக் கூரையே இடிந்து விழுந்ததுபோல் கரும்புகை. அது கலைந்தபோது மேரியின் கண்கள் இரண்டும் மட்டும் வெள்ளையாக இருந்தன.

"அய்யே, மே மொகக்த?" என்றான் பையன் சிங்களத்தில். இது என்ன என்று எனக்கும் தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. நிஸாம் நானாவுக்குப் போன் போட்டு, துணி கட்டியதையும் ஒப்புக்கொண்டேன்.

அவர் சொன்னார்: "ஒங்க மூக்க நாலு மடிப்பாக் கட்டிட்டு மலை ஏறிப் பாருங்க. காத்து பத்தாட்டி டீசல் சரியா எரியாது, கரியாத்தான் வரும்."

துணியை அவிழ்த்தேன். பக்கத்துக் கடையில் புது ஃபில்டர் வாங்கிப் போட்டேன். இரண்டாம் முறை வேன் தேறியது. மறுநாள் மணப்பெண்ணும் நேரத்துக்குக் கோயில் போய்ச் சேர்ந்தாள். சேலைதான் கடைசிவரை வெளுக்கவில்லை.

இன்றைக்கும் சொந்தக்காரர் கூடினால் மேரி எல்லோருக்கும் தேத்தண்ணி வடித்துக் கொடுப்பாள். என் கோப்பையில் மட்டும் சக்கை மிதக்கும்.

"அவருக்கு வடிக்கலீங்க" என்பாள். "வடிச்சா இழுக்கும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நான் சக்கையை நாக்கால் ஒதுக்கிக்கொண்டே குடிப்பேன். சும்மா சொல்லக்கூடாது, ருசியாகத்தான் இருக்கும்.