இலக்கம் பதினான்கைத் தேடி வந்த மாப்பிள்ளை

சமூகத்தைத் திருத்தப் புறப்படுகிறவர்கள், அதற்கு முன் தங்கள் வீட்டு வாசலில் நின்று ஒருமுறை மேலே பார்த்துவிடுவது நல்லது. நான் பார்க்கவில்லை. அதனால் என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் எங்கள் வாசல்வரை வந்து, மேலே பார்த்து, தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டினார்கள்.

எங்கள் லயம், ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளின் வரிசை, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிசனில் இருக்கிறது. அங்கே யாருக்கும் வீட்டிலக்கம் கிடையாது. பெயர், டிவிசன், தோட்டம், பதுளை, அவ்வளவுதான் முகவரி. கடிதங்கள் தோட்டத்து அலுவலகமான கந்தோருக்கு வரும். அங்கே ஓய்வெடுத்துக் களைப்பாறிய பிறகு, யாராவது மலையேறி வரும்போது அவர் கையோடு எங்களிடம் வந்து சேரும். பட்டம் பெற்ற பிறகு எனக்கு வந்த முதல் நேர்முகத் தேர்வுக் கடிதம், அந்தத் தேர்வு முடிந்து, தெரிவானவர் வேலைக்குச் சேர்ந்து, பழகியும் விட்ட பிறகே என் கைக்கு வந்தது.

அன்று என்னுள் இருந்த சமூகவியல் பட்டதாரி பொங்கி எழுந்தாள். பதுளை நகரில் பூட்டிக் கிடக்கும் கராஜுக்குக்கூட வாசலில் இலக்கம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் மனிதருக்கு இல்லையா? தகரத்தைச் சதுரமாக வெட்டி, வெள்ளை பூசி, கறுப்பில் எண் எழுதினேன். மேல் லயத்துக்கு ஒன்று முதல் பன்னிரண்டு, எங்கள் கீழ் லயத்துக்குப் பதின்மூன்று முதல் இருபத்துநான்கு. தோட்டத்துக்குச் சொந்தமான கதவு நிலையில் ஆணி அடிப்பதற்குத் தோட்டத்தை நடத்தும் துரையின் அனுமதி வேண்டும் என்பதால், பலகைகளைக் கம்பியில் கோத்து, ஏற்கெனவே இருந்த ஆணிகளில் மாட்டினேன். (சட்டத்தை மதித்தேனாம். மாட்டியதைக் கழற்றவும் முடியும் என்பது மட்டும் மூளைக்கு எட்டவில்லை.)

பிறகு கோயில் முற்றத்தில் ஓர் உரையும் நிகழ்த்தினேன். முகவரி என்பது ஒரு குடும்பம் இந்த நாட்டில் இருக்கிறது என்பதற்கான சான்று என்று நான் முழங்கியபோது, லயத்துக் கடைசி வீட்டுப் பாக்கியம் அத்தை கையைத் தூக்கி, நம்பர் போட்டால் புது வீடு கொடுப்பார்களா என்று கேட்டார். பல ஆண்டுகளாக ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவர். சமூக மாற்றம் படிப்படியாகத்தான் வரும் என்று பதில் சொன்னேன். அத்தை அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார்.

நிறைவான மனத்தோடு நான் பதுளைக்குத் திரும்பினேன். அங்கே ஒரு டியூஷன் வகுப்பில் தற்காலிகமாகப் படிப்பித்துக்கொண்டு, விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வருவேன். நான் இல்லாத அந்த வாரங்களில் என் இலக்கங்கள் நடமாடத் தொடங்கியிருந்தன. எட்டாம் இலக்க வீட்டுக்காரர், எட்டு சனியின் எண், இப்போதுதான் ஆட்டோ வாங்கியிருக்கிறேன் என்று சொல்லிப் பலகையைக் கழற்றிக் கோழிக்கூட்டில் மாட்டினார். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரரும் தமது பிறந்த தேதிக்குப் பொருந்தும் எண்ணைத் தேடினார். இவருக்கு ஒன்று, அவருக்குக் கூட்டுத்தொகை ஒன்பது. சண்டை சச்சரவு எதுவும் இல்லை. கறிவேப்பிலை கேட்டு வாங்குவதுபோல எண்ணையும் கேட்டு வாங்கி, மாற்றி மாட்டிக்கொண்டார்கள்.

அந்த நிலையில்தான் கலா அக்காவுக்கு அந்த வரன் வந்தது. அக்கா தோட்டத்துப் பாலர் பாடசாலை ஆசிரியை. முன்பு இரண்டு இடங்களிலிருந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் பதிலே சொல்லவில்லை. இனிமேல் யார் முன்னாலும் தட்டம் ஏந்தி நிற்கமாட்டேன் என்று சொன்னவளை, இதுதான் கடைசி என்று அம்மா சம்மதிக்க வைத்திருந்தார். மாப்பிள்ளை அப்புத்தளைப் பக்கம், தபால்காரர்.

தபால்காரர் என்றதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தொலைபேசியில் நானே அவரிடம் முகவரி சொன்னேன்: "இலக்கம் பதினாலு, மேல் டிவிசன்." மறுமுனையில் தாளில் எழுதிக்கொண்டார். பிறகு, "லயத்துல நம்பரா? ரொம்ப நல்லதுங்க," என்றார். அந்தக் கணமே அவரை அத்தானாக வரித்துவிட்டேன். (அக்காவைக் கேட்கவில்லை. கொள்கை ஒத்துப்போனால் போதாதா?)

பெண் பார்க்கும் நாளன்று காலையில் அம்மா, சந்திக்குப் போய் நின்று அவர்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். புதிதாக வருகிறவர்களைப் பஸ் நிற்கும் சந்தியிலிருந்து யாராவது அழைத்து வருவார்கள்.

"இலக்கம் உள்ள வீட்டுக்கு ஆள் போய் நிக்கிறது, நம்மள நாமே கேவலப்படுத்துற மாதிரிம்மா," என்றேன்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. கொடைய எடுத்துட்டுப் போ," என்றார் அம்மா.

நான் போகவில்லை.

பத்து மணிக்குமேல் பனிமூட்டத்துக்குள்ளிருந்து மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, பட்டுச்சேலையில் அவர் அம்மா, குடையோடு தாய்மாமன். அக்காவும் நானும் திரைச்சீலை இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் இஸ்தோப்புத் திண்ணையின் முன்னே வந்து நின்றார்கள். மாப்பிள்ளை கையிலிருந்த தாளைப் பார்த்தார். நிமிர்ந்து கதவுக்கு மேலே பார்த்தார். "இல்ல" என்பதுபோலத் தலையை ஆட்டினார். மூவரும் நகர்ந்து போனார்கள்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து, தலையிலிருந்த பூவை எடுத்தாள். "முந்தி வந்தவங்களாவது உள்ள வந்து டீ குடிச்சுட்டுப் போனாங்க," என்றாள். அந்தக் குரலில் அழுகை இல்லாததுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

வெளியே ஓடினேன். பலகை மாட்டிய பிறகு முதன்முறையாக என் வீட்டு வாசலில் நின்று மேலே பார்த்தேன். நானே எழுதிய அழகான எண்: இருபத்துநான்கு.

பின்னால் வந்த அம்மா விளக்கினார். பதுளைச் சாத்திரக்காரர் ஆறு சுக்கிரனின் எண், கல்யாணம் கூடிவரும் என்றாராம். இரண்டையும் நாலையும் கூட்டினால் ஆறு. அந்த இலக்கம் பாக்கியம் அத்தை வீட்டில் இருந்திருக்கிறது. கலாவுக்காக என்றதும், அத்தை மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்து, எங்கள் பதினான்கை வாங்கி மாட்டிக்கொண்டாராம். நான் மாப்பிள்ளைக்கு எண்ணைச் சொல்லி வைத்திருந்தது அம்மாவுக்குத் தெரியாது. (வழி சொல்வதற்கு எண்ணைச் சொல்லும் பிறவி ஒன்று தம் வயிற்றில் பிறக்கும் என்று அவர் எப்படி எதிர்பார்ப்பார்?)

லயத்தின் கடைசிக்கு ஓடினேன். பாக்கியம் அத்தை வீட்டு மர வாங்கில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் சட்டைப்பையில் பேனா, கையில் தாள், கதவிலக்கத்தைச் சரிபார்த்துவிட்டு உள்ளே வந்த மனிதர். புது வீட்டுக்குப் பெயர் பதிய வந்த அதிகாரி என்பதில் அத்தைக்குச் சந்தேகமே இல்லை. அவர்களுக்குச் சீனி போடாத பிளேன்டீயைக் கொடுத்துவிட்டுக் கூரையைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்.

"மழை பெஞ்சா இந்தச் சட்டிதாங்கய்யா நெறையுது, எங்க வயிறு நெறையிறதில்ல. இந்த ஒரு காம்பராவுலதான் எல்லாரும் படுக்கிறோம். சுவத்தத் தொட்டுப் பாருங்க. கூச்சப்படாதீங்க, தொடுங்க."

மாப்பிள்ளை மரியாதைக்காகச் சுவரைத் தொட்டார். கொஞ்சம் உதிர்ந்தது.

அவருடைய அம்மா பொறுமையிழந்து, பொண்ணைக் கூப்பிடுங்கள் என்றார்.

"ரெண்டு பொண்ணுங்க. மூத்தது கொழும்புல வேலை செய்யுது. எளையது புருஷனோட கோவிச்சுக்கிட்டு இங்கதான் இருக்கு, புள்ளையோட. ரெண்டு பேர் பேரையும் எழுதிக்குங்க."

தாய்மாமன் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "என்னம்மா இது. புருஷன் இருக்கிற பொண்ணையா காட்டப் போறீங்க?"

"அவன் இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதாங்கய்யா. அவன் பேர எழுத வேணாம்."

இந்த இடத்தில் நான் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் சொன்னேன். முகவரி உரிமை பற்றியும் இரண்டு வாக்கியம் சொன்னதாக ஞாபகம். யாரும் கவனிக்கவில்லை. பாக்கியம் அத்தை என்னையே பார்த்தார். "அப்ப வீடு இல்லையா?" என்று மெல்லக் கேட்டார்.

ஆனால் அத்தை ஒரு நொடிதான் அப்படி நின்றார். அடுத்த நொடி முந்தானையைச் சரிசெய்துகொண்டு மாப்பிள்ளையின் அம்மா பக்கம் திரும்பினார். "நம்ம கலாவையா பார்க்க வந்தீங்க? வந்த ஒடனே சொல்லக் கூடாதா? என் பேத்தி அது சொன்னாத்தான் சோறு திங்குது. இந்தத் தோட்டத்துப் புள்ளைங்க எல்லாத்துக்கும் அதுதான் மூக்குத் தொடைக்குது. எந்திரிங்க, நானே கூட்டிட்டுப் போறேன்." அதுவரை ஒளித்து வைத்திருந்த சீனிப் போத்தலையும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். (எங்கள் வீட்டில் சீனி போதாமல் போய்விடக்கூடாதாம்.)

நாங்கள் ஊர்வலமாகப் போய்ச் சேர்ந்தபோது அக்கா வீட்டுச் சட்டையோடு, பூ இல்லாமல், முகம் கழுவிவிட்டு நின்றாள். விருந்தினர் இருப்பதைப் பொருட்படுத்தாமல் நேரே என்னிடம் வந்தாள். "சந்தியில போய் நில்லுன்னு ஒரு வேலைதான் சொன்னாங்க ஒனக்கு. பட்டம் வாங்கினவங்களுக்கு நிக்கத் தெரியாதா?"

நான் தலைகுனிந்தேன். மாப்பிள்ளைதான் பேசினார். "அவங்கள மட்டும் ஏசாதீங்க. கடையில கேட்டுட்டுப் போவோம்னு மாமா சொன்னாரு. நம்பர் இருக்கே, எதுக்குக் கேக்கணும்னு நான்தான் தடுத்தேன். பதிமூணுக்குப் பக்கத்துல இருபத்திநாலு இருக்கிறதப் பார்த்ததுமே ஒரு தபால்காரன் யோசிச்சிருக்கணும்."

அக்கா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இப்படி வீட்டுக்கு ஒரு ஆள் போதும்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா வடையை எடுத்துக் கடித்தார். எங்கள் பக்கத்தில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

கல்யாணம் நடந்தது. இருபத்துநான்குதான் கூட்டிவைத்தது என்பதில் அம்மா இன்றும் உறுதியாக இருக்கிறார்; அந்தப் பலகையைத் தொடவும் விடுவதில்லை. பாக்கியம் அத்தையோ, மாப்பிள்ளை முதலில் பெண் பார்க்க வந்தது தம் வீட்டுக்குத்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உரிமை கொண்டாடுகிறார். தீபாவளிக்கு அத்தான் வந்தால் முதலில் கடைசி வீட்டுக்குப் போய், வாங்கில் உட்கார்ந்து, சீனி போடாத பிளேன்டீயைக் குடித்து, சுவரைத் தொட்டுவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும். புது வீடு இன்னும் வரவில்லை. அதற்கான மனுக்களை நானும் அத்தானும் சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்கு இலக்கம் வேண்டும் என்ற என் கருத்திலும் மாற்றமில்லை. ஆணி அடித்து மாட்டவேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

போன ஆண்டு எனக்கொரு வரன் வந்தது. வெலிமடைக்காரர்கள் தொலைபேசியில் முகவரி கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா என் கையிலிருந்த போனைப் பறித்துக்கொண்டாள்.

"சந்தியில எறங்கி அங்கேயே நில்லுங்க. ஆள் வரும்."

அன்று மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சந்தியில் போய் நின்றவர், எங்கள் தபால்கார அத்தான்.