பிஷப்புக்கு ஜோடி தேடிய படலம்

க்ளூனா மேடு, மேயோ மாவட்டம்.
செவ்வாய்க்கிழமை, இரண்டு மழைக்கு நடுவே.

க்ளூனா மேட்டின் ஏகச் சக்கரவர்த்தியும், அதன் சேற்றுக்கும் முட்செடிக்கும் ஆட்டுமந்தைக்கும் அதிபதியும், உன் தாயாருக்கு வாய்த்த ஒரே தம்பியுமான மலாக்கி மாமா, டப்ளின் மாநகரில் வீற்றிருக்கும் மருமகள் நுவாலாவுக்கு உச்சிமோந்து எழுதும் மடல். இங்கே நானும் உன் அம்மாவும் மழையும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஃபின்டனும் உங்கள் மழையும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நேற்று நீ போன் பண்ணி, "ஃபின்டனோட அம்மா கல்யாணத்தையே தள்ளி வைக்கணும்னு நிக்கிறாங்களே, மாமா என்னதான் பண்ணித் தொலைச்சாரு?" என்று அழுததாகக் கேள்விப்பட்டு என் நெஞ்சு சுக்குநூறாகிவிட்டது. போனிலேயே விளக்கிவிடலாம் என்றால் உன் அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்துகிறாள். ஆகவே திருத்த ஆளில்லாத இந்தக் காகிதத்தில் முழு உண்மையையும் வைக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கண்ணைத் துடைத்துக்கொள்: வருகிற வாரச் சனிக்கிழமை உன் கல்யாணம் குறித்தபடி நடக்கும். எப்படி நடக்கும் என்பதற்குத்தான் இத்தனை பக்கம்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் உன் கேக். மூன்றடுக்குக் கேக் என்று உன் அம்மா முடிவெடுத்தாள்; அதற்கு முட்டை முழுக்க என் கோழிகள்தான் இட வேண்டும் என்றும் அவளே முடிவெடுத்தாள்; கோழிகளை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. பாவம், அவை இட்டன. ஆனால் இட்ட சூடு ஆறுமுன் மேக்பைகள் வந்துவிடும். காக்கைக் குலத்திலேயே இவர்கள்தான் கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் போட்டுப் பிறந்தவர்கள் அல்லவா, அந்தத் திமிரில், வக்கீல் நோட்டீஸ் கொண்டுவந்தவன் போலக் கொட்டிலுக்குள் நடந்து வந்து, முட்டையைக் குத்தி உறிஞ்சிவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு வெளியே போவார்கள். ஒருத்தன் காலி முட்டையோட்டை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான் என்றால் நீ நம்பமாட்டாய். நம்ப வேண்டாம், ஆனால் கொடுத்தான். இதற்கிடையில் சாம்பல் காக்கைகள் வேறு. அதில் மட்டும் எனக்கு விளையாட்டு வரவில்லை அம்மாடி. ஆடு ஈன்றுகொண்டிருக்கும்போதே, தலை மட்டும் வெளியே வந்த குட்டியின் கண்ணைக் கொத்திவிட்டது ஒன்று. குட்டி பிழைத்துக்கொண்டது. அடுப்படியில், உன் பழைய பள்ளிக்கூடக் கம்பளிச் சட்டைக்குள், மிச்சமிருக்கும் ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டு கிடக்கிறது. அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல்தான் கூண்டு போட்டேன்.

கூண்டு என்றால் ஏதோ கிளிக்கூண்டு என்று நினைத்துவிடாதே. மூன்று அறை கொண்ட மாளிகை. நடு அறையில் அழைப்புப் பறவையாக ஒரு மேக்பையைக் குடிவைக்க வேண்டும். தன் எல்லைக்குள் அந்நியன் ஒருவன் உட்கார்ந்து கத்துவதைப் பார்த்தால் ஊர் மேக்பைக்கு ரத்தம் கொதிக்கும். நம்மூர் வேலித் தகராறு மாதிரிதான். சண்டைக்கு வந்து பக்கத்து அறைக் கொம்பில் காலை வைத்தால் கொம்பு மடங்கும், மேல்கதவு படாரென்று விழும். அழைப்புப் பறவைக்குப் பக்கத்துத் தோட்டத்து ஃபெஸ்டியிடம் போனேன். அவன் ஒன்று வளர்க்கிறான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பது போல நடக்கும், யாரையும் மதிக்காது. அதனால் பெயர் பிஷப். கொடுக்கும்போது ஃபெஸ்டியின் கண் கலங்கிவிட்டது. "யோவ் மலாக்கி, என் பொண்டாட்டியக் கூட ஒரு மாசம் விட்டுட்டு இருந்துடுவேன்யா, இவன விட்டுட்டு இருக்க முடியாது. ஒரு இறகு கொட்டினாலும் உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது" என்றான். அவன் பெண்சாதி உள்ளேயிருந்து, "இதத்தான் எங்க அம்மா அன்னைக்கே சொன்னா" என்றாள்.

சட்டம் வேறு இருக்கிறது. அழைப்புப் பறவைக்கு வேளாவேளைக்குத் தீனி, தண்ணீர், உட்காரக் கொம்பு, மழைக்குக் கூரை, எல்லாம் கட்டாயம். தினமும் நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். இதில் பாதி உன் மாமனுக்குச் செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என் படுக்கையறை ஒழுகுகிறது. பிஷப்பின் அறை ஒழுகவில்லை. சட்டத்துக்கு மேலே வழக்கம் ஒன்று இருக்கிறது, உனக்குத் தெரியாததா? ஒற்றை மேக்பை கண்ணில் பட்டால் தொப்பியைத் தூக்கி, "வணக்கம் ஐயா, வீட்டம்மா சௌக்கியமா?" என்று கேட்காமல் நகர்ந்தால் அன்றைக்குத் துக்கம் நிச்சயம். ஆகவே தினம் காலையில் அவன் வீட்டம்மாவின் க்ஷேமத்தைத் தொப்பி கழற்றி விசாரிக்கிறேன்; விசாரித்துக்கொண்டே, அதே வீட்டம்மா வந்து விழுவதற்கு அடுத்த அறைக் கதவைத் தூக்கி வைக்கிறேன். இவ்வளவு பெரிய இரட்டை வேஷம் தேர்தல் காலத்தில் கூட இந்த மாவட்டம் கண்டதில்லை.

இந்த நிலையில்தான் போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு உன் வருங்கால மாமியார் அசம்ப்டா அம்மாள் விருந்துக் கூடாரம் போடுகிற இடத்தைப் பார்க்க வந்தார். கூண்டு இருந்தது வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், கோயிலுக்குப் போகிற பாதை ஓரமாக. காரை நிறுத்தி இறங்கி, குனிந்து பிஷப்பின் வீட்டம்மாவை விசாரித்துவிட்டு நிமிர்ந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மலாக்கி, இங்க ஒண்ணுதானே இருக்கு?"

"ஆமாங்க. இன்னொண்ணு விழுந்தா அன்னைக்கே கணக்கத் தீர்த்துடுவேன்" என்றேன் பெருமையாக.

"ஒண்ணுன்னா துக்கம். ரெண்டுன்னா சந்தோஷம். மூணுன்னா பொண்ணு பொறக்கும், நாலுன்னா ஆண்பிள்ள. சிரிக்காதீங்க. நாலு மேக்பைய ஒண்ணாப் பாத்த வருஷந்தான் ஃபின்டன் பொறந்தான். அவன் கோயிலுக்குப் போற வழியில ஒத்த மேக்பை நிக்கிறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டாக்குங்க. முடியலேன்னா தேதிய மாத்திக்கலாம்."

உன் அம்மா அப்போது உன் கல்யாண உடுப்பின் இடுப்பைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தளர்த்தச் சொல்லி நீ எழுதியிருந்தாயே, டப்ளின் சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்கொண்டது என்று நாங்கள் இருவரும் பூரித்துப்போயிருந்தோம். வாயில் குண்டூசிகளோடு ஓடி வந்து, "டேய், அந்தச் சனியனைத் தூக்கிப் பட்டிக்குப் பின்னால வையேன்டா" என்றாள். அசம்ப்டா அம்மாள் தலையை ஆட்டினார். "பாத்தாச்சு. பாத்ததை ஒளிச்சு வெச்சா துக்கம் தேடிக்கிட்டு வரும்." சரி, திறந்து விட்டுவிடலாமா என்றால், அது ஒற்றையாகவே போய்க் கோயில் கூரையில் உட்கார்ந்துகொள்ளும், ஃபெஸ்டி என் மேல் டிராக்டரை ஏற்றுவான்.

விதியைப் பார். மேக்பை இனத்தையே ஒழிக்கப் புறப்பட்ட வீரன், ஒரே ஒரு மேக்பை வராதா என்று வானத்தைப் பார்த்து ஜபமாலை உருட்டும்படி ஆயிற்று. அதுவரை மேகம் மேகமாக வந்து சூரியனை மறைத்த கூட்டம், அன்றிலிருந்து ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. எனக்குத் தேவை என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். கூண்டில் மற்றதெல்லாம் விழுந்தது. முதலில் என் சொந்தக் கோழி உள்ளே போய், கொட்டிலில் கிடைக்காத பாதுகாப்பு இங்கே கிடைத்தது என்று நிம்மதியாக அடைகாத்தது. அப்புறம் ஃபெஸ்டி வீட்டுப் பூனை விழுந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் பிஷப் பேசிய பேச்சைக் கேட்டு வெலவெலத்துப்போய், இன்றுவரை பறவை பறந்தால் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறது. பிறகு ஒரு சாம்பல் காக்கை. அதைப் பற்றி நான் சொல்லமாட்டேன், அடுப்படிக் குட்டியின் சார்பில் நீதி வழங்கப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

விஷயம் ஊரெல்லாம் பரவி, பங்குச்சாமியார் லவெல் சைக்கிளில் வந்துவிட்டார். "மலாக்கி, பறவைய எண்ணிக் கல்யாணம் வைக்கிறது மூடநம்பிக்கைப்பா. பாவம்ப்பா. கடவுள்மேல பாரத்தப் போடு" என்று ரொம்ப நேரம் போதித்தார். நானும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். திரும்பிப் போகும்போது கேட் அருகே சைக்கிளை நிறுத்தினார். முன்னும் பின்னும் பார்த்தார். நான் வேலிக்குப் பின்னால் இருப்பது தெரியாமல் தொப்பியைத் தூக்கினார். நுவாலா, உலகத் திருச்சபையின் வரலாற்றிலேயே ஒரு சாமியார் ஒரு பிஷப்பிடம், "வீட்டம்மா சௌக்கியமா?" என்று விசாரித்ததை நேரில் கண்ட ஒரே கத்தோலிக்கன் உன் மாமன்தான்.

நாள் நெருங்க நெருங்க என் மூளை கொதித்து ஒரு மகா யோசனை பிறந்தது. இங்கேதான் நீ கொஞ்சம் பெரிய மனசு பண்ண வேண்டும். உன் அம்மாவின் அலமாரியில், கல்யாணத்தன்று நீ முன்னால் உட்கார்ந்து தலைவாரிக்கொள்ள வேண்டும் என்று அவள் எடுத்து வைத்திருந்த கண்ணாடி இருக்கிறதே, இருந்ததே, அதை இரவல் வாங்கினேன். அவளைக் கேட்காமல் வாங்கினேன். பிஷப்பின் அறைச் சுவரில் சாய்த்து வைத்தால், பாதையிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சாட்சாத் இரண்டு மேக்பை! அசம்ப்டா அம்மாளுக்குத் தகவல் பறந்தது. நேற்றுக் காலை வந்தார், மூக்குக்கண்ணாடியை மாட்டினார், "ஒண்ணு... ரெண்டு" என்றார், முகம் ரோஜாவாக மலர்ந்தது. அதோடு போயிருக்கலாம். ஆசையாகக் கிட்டே குனிந்தார்.

"மலாக்கி, உள்ள ஒரு அம்மா நிக்கிறாங்களே, யாரு அது? என் தொப்பிய மாதிரியே போட்டுருக்காங்க."

நான் பதில் யோசிப்பதற்குள், காலையிலிருந்து அந்த அந்நியனை முறைத்துக்கொண்டிருந்த பிஷப்புக்குப் பொறுமை போய்விட்டது. ஒரே கொத்து. கண்ணாடி நாலா பக்கமும் விரிசல் விட்டு, அதில் ஒன்பது பிஷப்பும் பத்துப் பன்னிரண்டு அசம்ப்டா அம்மாளும் தெரிந்தார்கள். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்து, "ஏமாத்துறீங்களா?" என்று கேட்டது இன்னும் காதில் ஒலிக்கிறது. காரைத் திருப்பினார், போனார், உங்களுக்குப் போன் பண்ணினார். நீ அழுதது அந்தப் போனுக்குத்தான். கண்ணாடி உடைந்தால் ஏழு வருஷம் கஷ்டகாலம் என்பார்கள். உடைத்தது பிஷப், அது அவன் பாடு. உன் அம்மாவிடம் மட்டும் மூச்சுவிடாதே.

ஆனால் பார், மோசடியிலும் ஒரு புண்ணியம் இருந்திருக்கிறது. கண்ணாடிக்குள் இருந்தவனிடம் பட்ட அவமானத்தில் பிஷப் இருட்டும்வரை கத்தினான். அந்தக் கத்தலுக்கு மூன்று ஊர் மாடு பால் கறக்கவில்லை, அட்லாண்டிக் கடல் ஓரடி பின்வாங்கியது. யாரடா இவன் என்று கேட்க இன்று காலை ஒருத்தி வந்தாள், கொம்பில் காலை வைத்தாள், படார். நிஜமான, உயிருள்ள, கோபக்கார இரண்டாவது மேக்பை! நான் வயல்சேற்றில் ஆடிய ஆட்டத்தை ஆடுகள் எழுந்து நின்று பார்த்தன. அசம்ப்டா அம்மாள் என் பேச்சை நம்பவில்லை. நேரில் வந்து, கையுறையைக் கழற்றி, கம்பிக்குள் விரலை விட்டுச் சோதித்தார். அது நன்றாகக் கொத்தியது. "ரத்தம் வருது மலாக்கி! நிஜந்தான்!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். சந்தோஷம் வந்து உட்கார்ந்துவிட்டது, தேதி மாறாது, சனிக்கிழமை மணி அடிக்கும். அதுவரை கைதிகள் இருவருக்கும் பொதுமன்னிப்பு வழங்கியிருக்கிறேன். மிச்ச முட்டையை அவர்களுக்கே போடுகிறேன், கேக் இரண்டடுக்காகக் குறைந்தால் கோபித்துக்கொள்ளாதே.

ஆக, உன் கல்யாணத்தைக் கெடுத்தவன் என்று யாராவது சொன்னால், காப்பாற்றியவன் என்று திருத்து. கோயிலில் உன் கையைப் பிடித்து அழைத்துப் போகிற பாக்கியத்தை, சொன்னபடியே, இந்த மாமனுக்குத்தான் தர வேண்டும். புது ஷூ வாங்கியாயிற்று. நீயும் ஃபின்டனும் பதினாறு பிள்ளை பெற்று, பதினாறும் உன்னைப் போல் சிரித்து, ஃபின்டனைப் போல் அடக்கமாக இருந்து, ஒன்றுகூட என்னைப் போல் ஆகாமல், வாழையடி வாழையாக என்று சொல்ல இங்கே வாழை இல்லாததால், க்ளூனா முட்செடி போல யாராலும் ஒழிக்க முடியாதபடி வாழ்க.

என்றும் உன் அருமை மாமன்,
மலாக்கி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் மறுபடி ஒரு படார். போய்ப் பார்த்தேன். மூன்றாவது அறையும் நிறைந்துவிட்டது. காருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அசம்ப்டா அம்மாள் கேட்டருகே நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணினார். அப்படியே திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே உன் அம்மா. இருவருக்கும் நடுவே உன் கல்யாண உடுப்பு, பிரித்த இடுப்போடு. தேநீரை யாரும் ஊற்றவில்லை. உன் அம்மா போனைக் கையில் எடுத்துவிட்டாள். இந்தக் கடிதம் வருமுன் அது வந்திருக்கும். மாமன் ஒன்றும் கேட்கமாட்டேன் அம்மாடி. ஆனால் ஜன்னல் வழியே பார்த்தால் கூண்டுக் கூரைமேல் நாலாவது ஒன்று வந்து நடைபோடுகிறது. அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அதை விரட்ட ஓடுகிறேன். ஒரே பகலில் பேத்தியையும் பேரனையும் தாங்குகிற நெஞ்சு உன் அம்மாவுக்குக் கிடையாது.